ஏற்காடு மலைப்பாதையில் ஓடும் பழைய மாருதி 800: தேய்ந்த ஸ்டீயரிங் ஷாப்ட்டை மாற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1998-ஆம் ஆண்டின் மாருதி 800. கார்புரேட்டர் எஞ்சின் கொண்டது. பவர் ஸ்டீயரிங்கும் காற்றுப்பையும் இல்லாதது. உரிமையாளர், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபியும் மிளகும் பயிரிட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். உரம் வாங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் வாரந்தோறும் சேலத்துக்கு இறங்கி வருபவர் என்பதால், இந்த வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளின் மேல்தான் நடந்திருக்கிறது. சமவெளியில் மட்டும் ஓடும் கார் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிப்பது பெரும்பாலும் வண்டியை நிறுத்தும் நேரத்தில்தான். மலைக்கார் ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய கடைசிவரை ஒடிக்கிறது. அதுவும் இறக்கத்தில், சுமை முன்சக்கரங்களின் மேல் சாய்ந்திருக்க, வேகம் குறைந்து ஸ்டீயரிங் கனத்திருக்கும் நிலையில் ஒடிக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயர வேறுபாடு முழுவதையும் கைவிசையால் மட்டும் திருப்பிக் கடந்துவந்த வண்டி இது.

உரிமையாளர் மூன்று குறைகளைச் சொன்னார். நேரான சாலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் லேசாக அசைத்தால் வண்டி அதைக் கேட்பதில்லை. குண்டும் குழியுமான இடங்களில் ‘டொக் டொக்’ என்ற தட்டல் காதில் கேட்பதைவிடக் கையில் நன்றாகத் தெரிகிறது. கொண்டை ஊசி வளைவைக் கடந்து ஸ்டீயரிங்கைத் தளர விட்டால், அது தானாகத் திரும்பி வராமல் பாதியில் நின்றுகொள்கிறது. கையால் இழுத்துத்தான் நேர் செய்ய வேண்டியிருக்கிறது.

வேறொரு பட்டறையில் இதற்கு முன்பே முன்சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய கம்பியான ரேக்கின் புஷ்ஷும், அதைச் சக்கரங்களோடு இணைக்கும் இருபுற டை ராட் எண்டுகளும் மாற்றப்பட்டிருந்தன. தட்டல் சில வாரங்கள் அடங்கியிருந்து மீண்டும் வந்திருக்கிறது. அடுத்ததாக ரேக்கையே முழுவதும் மாற்றிவிடலாம் என்று அங்கே ஆலோசனை கூறியிருக்கிறார்கள். “தம்பி, ரேக்கை முழுசா மாத்தணும்ங்கிறாங்க. மாத்திட்டா தீந்துருமா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டபடிதான் அவர் சேலம் கோரிமேட்டிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார்.

அந்தக் கேள்விக்கான பதில் மூன்றாவது குறையிலேயே பாதி இருந்தது. ரேக்கோ டை ராடோ தேய்ந்தால் ஆட்டம் வரும், தட்டல் வரும். ஸ்டீயரிங் திரும்பி வர மறுக்காது. முன்சக்கரங்களின் சாய்வு அமைப்புதான் வளைவிலிருந்து ஸ்டீயரிங்கைத் திரும்ப இழுத்துவரும் விசையைத் தருகிறது. அந்த விசை மிகச் சிறியது. வழியில் எங்காவது ஒரு மூட்டு இறுகியிருந்தால் அதைத் தின்றுவிடும். ஓரிடத்தில் தளர்ச்சியும் இன்னோரிடத்தில் இறுக்கமும் ஒன்றாக ஒரே வண்டியில் தென்பட்டால், நான் முதலில் கை வைப்பது ஸ்டீயரிங் வளையத்திலிருந்து கீழிறங்கும் காலம் (column) என்ற தண்டையும் ரேக்கையும் இணைக்கும் இடைத் தண்டின் மேல்தான். மெக்கானிக்குகள் இதை ஸ்டீயரிங் ஷாப்ட் என்றும், அதன் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளை, உள்ளிருக்கும் சிலுவை வடிவத் துண்டை வைத்து, ஸ்டீயரிங் கிராஸ் என்றும் சொல்வார்கள். மிதியடிக்கும் பெடல்களுக்கும் இடையே ஒளிந்திருப்பதால் வண்டி நிற்கும் வரை யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆட்டத்தைப் பங்கு பிரித்தல்

ரேக்கை மிக இறுக்கமாக முடுக்கியிருந்தாலும் ஸ்டீயரிங் திரும்பி வராது என்பதால், அதை முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இரண்டு விரல்களால் மெல்லத் திருப்பினோம். ரேக் இறுகியிருந்தால் கனம் சீராக எங்கும் தெரியும். இந்த வண்டியிலோ ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இரண்டு முறை, ஏறத்தாழ அரைச்சுற்று இடைவெளியில், கை தடைபட்டு விடுபட்டது. சுற்றுக்கு இருமுறை வரும் தடை யுனிவர்சல் ஜாயின்ட்டின், அதாவது ஸ்டீயரிங் கிராஸ் வகை மூட்டின், அடையாளம். ரேக்கில் அப்படி வருவதற்கு வழியே இல்லை.

அடுத்து, சக்கரங்களைத் தரையில் இறக்கி ஆட்டத்தை அளந்தோம். தூக்கிய நிலையில் அளந்தால் சக்கரங்கள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து ஆடிவிடும்; ஒவ்வொரு மூட்டும் எங்கே தளர்ந்திருக்கிறது என்பது மறைந்துவிடும். நேர் நிலையில், ஸ்டீயரிங் வளையத்தின் ஓரத்தில் அளந்த மொத்த வெற்று ஆட்டம் 44 மில்லிமீட்டர். இவ்வகை வண்டிகளுக்கு 30 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி.

மொத்த ஆட்டத்தைச் சொல்வது மட்டும் பழுதுபார்ப்பவருக்கு உதவாது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தால்தான் எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து வளையத்தை ஒரு பக்கமாக மிக மெதுவாக நகர்த்த, இன்னொருவர் டார்ச் விளக்குடன் பெடல்களுக்குக் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் குறுக்காகவும் போட்ட வெள்ளைப் பெயிண்ட் கோடு எப்போது முறிகிறது என்று குரல் கொடுத்தார். வளையம் 6 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகுதான் இடைத் தண்டின் உடல் அசைந்தது. இது மேல் கிராஸின் பங்கு. இன்னும் 17 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகே கீழ் கிராஸுக்கு அப்பால் உள்ள நுகம் (கிராஸைக் கவ்வும் கவை வடிவ முனை) அசைந்தது. அதற்கு மேல் 8 மில்லிமீட்டர் கடந்த பின்னரே ரேக்கின் பினியன் தலை (ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரத்தின் மேல்முனை) சுழன்றது. அதாவது நுகமும் பினியனும் பல்லோடு பல் கவ்வும் இடத்திலேயே ஆட்டம் இருந்தது. கடைசி 13 மில்லிமீட்டர் ரேக், டை ராட், டயர் ஆகிய மூன்றின் கூட்டுப் பங்கு. 44-இல் 31 மில்லிமீட்டர் இந்த ஒரே தண்டுக்குரியது. ரேக்கைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தால், அதன் பங்கு முழுவதும் மறைந்தாலும் வண்டி அனுமதி வரம்புக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

இந்தக் கணக்கின் பின்னால் எளிய வடிவியல் இருக்கிறது. வளையத்தின் ஆரம் சுமார் 185 மில்லிமீட்டர். கிராஸின் கையோ மையத்திலிருந்து ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் தொலைவில்தான் வேலை செய்கிறது. ஆகவே கிராஸில் ஏற்படும் தேய்மானம் ஓட்டுநரின் கையில் சுமார் 12 மடங்காகத் தெரியும். பினியன் தலையின் பல்வரி அதைவிடச் சிறிய ஆரத்தில், 7 அல்லது 8 மில்லிமீட்டரில் இருப்பதால் அங்கே ஏற்படும் தேய்மானம் சுமார் 25 மடங்காகப் பெருகுகிறது. பல்வரியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், வளையத்தில் 8 மில்லிமீட்டர் ஆடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கைக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிவதனால்தான், பெரிய உறுப்பான ரேக்கின் மேல் சந்தேகம் போகிறது.

கழற்றியபோது தெரிந்தவை

சாவியை எடுத்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் வளையம் சுழன்றுவிடாமல் கட்டிய பிறகே, தண்டின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தொட்டோம். காற்றுப்பை உள்ள கார்களில் இது இன்னும் முக்கியம்: தண்டு கழன்றிருக்கும்போது வளையம் தன் போக்கில் சுழன்றால் உள்ளே சுருண்டிருக்கும் மின்கம்பி அறுந்துவிடும். அத்தகைய வண்டியில் பாட்டரி இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கீழ் போல்ட்டின் தலையில் எந்தத் தர எண்ணும் இல்லை. முன்பு ரேக் புஷ் மாற்றியபோது அசல் போல்ட்டுக்குப் பதிலாகச் சாதாரண இரும்புப் போல்ட் போடப்பட்டிருந்தது என்பது தெளிவு. அதன் திருகுவரி நடுப்பகுதியில் இழுபட்டு மெலிந்திருந்தது. இந்தப் போல்ட்டின் வேலை நுகத்தின் பிளவை இறுக்கிப் பினியன் தலையைக் கவ்வச் செய்வது. போல்ட் நீண்டுவிட்டால் பிடிப்பு தளர்கிறது. பிடிப்பு தளர்ந்தால் பல்லும் பல்லும் ஒவ்வொரு குலுக்கலிலும் மயிரிழை அளவு உரசுகின்றன. அந்த உரசலில் உதிரும் இரும்பு காற்றில் உடனே துருவாகி, மிக நுண்ணிய செம்பழுப்புத் தூளாகப் பிளவின் வழியே கசிந்திருந்தது. சேர்வராயன் மலையின் செம்மண்ணும் இதே நிறந்தான் என்பதால் பார்வையால் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் மண் நெறுநெறுக்கும். உரசல் தூள் மாவாக வழுக்கும். இங்கே இரண்டும் கலந்திருந்தன.

மண் வந்த வழியும் தெரிந்தது. தண்டு கடந்து செல்லும் துளையை மூடும் ரப்பர் உறை வெடித்துக் கிழிந்திருந்தது. மலையில் வைகாசிக்குப் பிறகு மழையும் பனிமூட்டமும் மாறி மாறி இருக்கும்; தோட்டத்துப் பாதையின் சேறு டயரால் வாரி இறைக்கப்படும். கிழிந்த உறை வழியே புகுந்த நீர் கீழ் கிராஸின் ஊசி பேரிங்குகளை (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்குகளை) தாக்கியிருந்தது. தண்டைக் கையில் எடுத்து மூட்டை மடக்கிப் பார்த்தபோது, ஓர் அச்சில் அது கல்லைப் போல் இறுகியிருந்தது. மற்றோர் அச்சில் ஊசிகள் நொறுங்கிப் போய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தொளதொளவென்று ஆடியது. இறுகிய அச்சுதான் ஸ்டீயரிங்கைத் திரும்பி வர விடாமல் தடுத்தது. தளர்ந்த அச்சு தட்டலைத் தந்தது. உரிமையாளர் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் உள்ளங்கையில் அடங்கும் இந்த ஒரே மூட்டில் இருந்தது.

இடையில் யாரோ இந்த மூட்டின் மேல் துரு இளக்கும் எண்ணெயையும் பீய்ச்சியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. அதை நான் எப்போதும் தடுப்பேன். ஊசி பேரிங்கின் மூடிகள் அடித்து நெளித்து மூடப்பட்டவை. அவற்றுக்குக் கிரீஸ் ஏற்றும் வழி இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் கிரீஸையும் அந்த எண்ணெய் கரைத்து வெளியேற்றிவிடும். சத்தம் சில நாள் அடங்கும். அதனால் குறை தீர்ந்ததாக எண்ணி வண்டி மீண்டும் மலையேறும்.

பற்றவைப்பும் பழைய தண்டும்

சேலத்தின் லேத் பட்டறைகளின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. நூற்பாலை உதிரிபாகம் முதல் கிணற்று மோட்டார் ஷாப்ட் வரை அவர்கள் கைபட்டால் மீண்டும் ஓடும். இந்தத் தண்டையும் அவர்களிடம் கொடுத்து, பழைய கிராஸைத் தட்டியெடுத்து வேறொன்றை அழுத்திப் பொருத்தி, மூடிகள் கழன்று வராமல் நான்கு இடங்களில் பற்றவைத்துத் தரச் சொல்லலாம் என்று பலர் கூறுவார்கள். செலவும் குறைவுதான். ஆயினும் இந்த ஓர் உறுப்பில் அதை நான் ஏற்பதில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிராஸின் கைகளும் ஊசிகளும் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அந்தக் கடினம் குறையத் தொடங்கும். பற்றவைக்கும்போது மூடியின் விளிம்பில் இரும்பே உருகுகிறது. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் ஊசிகளும் முத்திரை ரப்பரும் கிரீஸும் தப்புவது அரிது. புதிதாகப் போட்ட பேரிங் அன்றைக்கே தன் ஆயுளின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. நுகத்தின் நிலைமை இதைவிட மோசம். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் சட்டெனச் சூடாகிச் சட்டெனக் குளிர்ந்த பகுதி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஸ்டீயரிங் தண்டு இடமும் வலமும் மாறி மாறி முறுக்கப்படும் உறுப்பு. அப்படிப்பட்ட முறுக்கலில் விரிசல் தொடங்குவதற்கு அந்த ஓரம்தான் ஏற்ற இடம். பிரேக் மிதி ஏமாற்றினால் கைப்பிரேக்கும் கியரும் மிச்சம் இருக்கும். ஸ்டீயரிங் தண்டு முறிந்தால் இரண்டாவது வழி எதுவும் இல்லை. மலைப்பாதையின் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம்.

பழைய இரும்புக் கடையிலிருந்து உரிமையாளரின் உறவினர் வாங்கிவந்த வேறொரு தண்டையும் பார்த்தோம். மேலோட்டமாக நன்றாகவே இருந்தது. தட்டையான இரும்புப் பலகையின் மேல் வைத்தபோதுதான் இரு முனைகளிலும் உள்ள நுகங்கள் ஒரே தளத்தில் இல்லை என்பது தெரிந்தது. நடுக்குழாயை வெட்டி மீண்டும் பற்றவைத்தவர் அவற்றைச் சற்றுத் திருப்பி இணைத்துவிட்டிருக்கிறார். இதன் விளைவு சிறியதன்று. யுனிவர்சல் ஜாயின்ட் சாய்வாக வேலை செய்யும்போது உள்ளே கொடுக்கும் சீரான சுழற்சி வெளியே சீராக வருவதில்லை. 30 டிகிரி சாய்வில், ஒரே சுற்றுக்குள் இருமுறை, வெளிவேகம் உள்வேகத்தின் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். இரண்டு மூட்டுகளும் ஒரே சாய்வில், நுகங்கள் ஒரே தளத்தில் இருந்தால் முதல் மூட்டு செய்யும் குளறுபடியை இரண்டாவது மூட்டு நேர்செய்துவிடும். நுகங்கள் கால்சுற்றுத் திரும்பியிருந்தாலோ இரண்டும் கூடி 0.75-க்கும் 1.33-க்கும் இடையே ஆடும். வளைவின் நடுவில் ஸ்டீயரிங் ஒரு கணம் கனத்து, அடுத்த கணம் இலேசாகி, கை எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் திரும்பிவிடும். அந்தத் தண்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் சாலையில் அவ்வளவு வண்டிகள் இருப்பதால் இந்தத் தண்டு இரு மூட்டுகளும் சேர்ந்த ஒரே தொகுப்பாக இன்றும் கிடைக்கிறது. ரேக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. முத்திரையிட்ட உறையில் வந்த புதிய தண்டையும், ரப்பர் உறையையும், 8.8 தரம் பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளையும் வாங்கிவரச் செய்தோம்.

பொருத்துதல்

பழைய தண்டை எடுக்கும்போது சுத்தியலைப் பயன்படுத்தவில்லை. தண்டின் மேல் அடிக்கும் அடி கீழே பினியன் பேரிங்கையும், மோதலின்போது மடங்கும்படி ஸ்டீயரிங் காலம் (column) அமைந்த வண்டிகளில் அந்த அமைப்பையும் கெடுக்கும். இரு போல்ட்டுகளையும் முழுவதுமாக உருவி எடுத்து, நுகத்தின் பிளவில் ஆப்பு வைத்துச் சற்றே விரித்தால் தண்டு கையால் இழுக்கவே வந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் வராது; ஏனெனில் போல்ட் பினியன் தலையில் வெட்டப்பட்ட பள்ளத்தின் குறுக்காகச் செல்கிறது. அந்தப் பள்ளம் ஒரு பாதுகாப்பு. போல்ட் தளர்ந்தாலும் நுகம் பினியனைவிட்டு நழுவாமல் அது காக்கிறது. இந்த வண்டி இத்தனை நாள் தளர்ந்த பிடிப்போடு மலையேறி இறங்கியும் விபத்து நேராமல் இருந்ததற்கு அந்தப் பள்ளமே காரணம்.

இந்த வேலையின் திருப்புமுனை பினியன் தலையின் பல்வரிதான். அது தேய்ந்திருந்தால் ரேக்கையும் மாற்றியே ஆக வேண்டும். முன்பு கூறப்பட்ட ஆலோசனை வேறொரு காரணத்தால் சரியென்று ஆகியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்தோம். பற்கள் ஒரு பக்கம் பளபளப்பாகியிருந்தன, உச்சி மழுங்கவில்லை. நுகத்தின் இரும்பு மென்மையானது, பினியன் கடினமானது என்பதால் தேய்மானத்தை நுகமே ஏற்றுக்கொண்டிருந்தது. உறுதி செய்துகொள்ள, புதிய நுகத்தைப் போல்ட் இல்லாமல் பினியனில் ஏற்றி அசைத்துப் பார்த்தோம், அசைவு இல்லை. ரேக் தப்பியது.

புதிய தண்டை முன்பு போட்ட பெயிண்ட் குறிகளுக்கு நேராகப் பொருத்தி, போல்ட் துளை பினியனின் பள்ளத்துக்குச் சரியாக நேர்ப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகே போல்ட்டை நுழைத்தோம். பள்ளம் நேர்ப்படாமல் போல்ட்டைத் திணித்தால் அது பல்லின் மேல் ஏறி, இறுகியதுபோலவே காட்டும். கீழ் முனையை முதலிலும் மேல் முனையைப் பிறகும் 25 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கினோம். கீழ் முனை தன் இடத்தில் அமர்ந்த பின் மேல் முனைக்குச் சற்று நகரும் சுதந்திரம் இருப்பதால், மூட்டு வலிந்து இழுபடாமல் அமர்கிறது. முடுக்கிய போல்ட்டுகளின் தலையிலிருந்து நுகம்வரை பெயிண்ட் கோடு போட்டோம். பிறகு தளர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

பல்வரியில் ஒரு பல் தள்ளிப்போனாலும் நேர்ச்சாலையில் வளையம் கோணலாக நிற்கும். அப்போது வளையத்தை மட்டும் கழற்றி நேராக மாட்டுவது தவறான குறுக்குவழி. இண்டிகேட்டர் தானாக அணையும் இடம் ஒரு பக்கம் மாறிவிடும், ரேக்கின் நடுவும் வளையத்தின் நடுவும் பொருந்தாமல் போகும். தண்டையே உருவி மீண்டும் பொருத்த வேண்டும். இங்கே அதற்குத் தேவை வரவில்லை.

மலையில் கண்டது

பட்டறையில் மீண்டும் அளந்தபோது மொத்த ஆட்டம் 14 மில்லிமீட்டர். தண்டின் பங்கு ஏறத்தாழ முழுவதும் போய், ரேக்கும் டை ராடும் டயரும் சேர்ந்த பழைய 13 மட்டுமே மிஞ்சியிருந்தது. பங்கு பிரித்த கணக்கு சரியென்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஜாக்கியில் தூக்கித் திருப்பியபோது சுற்றுக்கு இருமுறை வந்த தடையும் இல்லை.

உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம் கடந்து மேலேறினோம். வளைவு முடிந்ததும் வளையம் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கியபடி தானாக நேர் நிலைக்கு வந்தது. “இத்தனை வருசமா இதை நாந்தான் இழுத்துட்டு இருந்தேனா?” என்று கேட்டார். தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால், கை அதற்கேற்பப் பழகிவிடுகிறது. குறை பெரிதான பிறகே ஓட்டுநருக்கு அது குறையாகப் படுகிறது. இறங்கும்போது, பிரேக் பிடித்துக்கொண்டே ஒடிக்க வேண்டிய வளைவுகளில்தான் மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. உடைந்த தார்ப்பகுதிகளில் தட்டல் இல்லை.

சில வாரங்கள் ஓட்டிய பின் வண்டி திரும்ப வந்தபோது பெயிண்ட் கோடுகள் முறியாமல் இருந்தன. டார்க் ரெஞ்சிலும் போல்ட்டுகள் அசையவில்லை. ஆட்டம் அதே 14 மில்லிமீட்டர். இடதுபுற டை ராட் எண்டின் ரப்பரில் மட்டும் மெல்லிய வெடிப்பு தொடங்கியிருக்கிறது. இப்போது மாற்றத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் அதையும், தண்டின் புதிய உறையையும் ஒருமுறை பார்த்துவிடுவதாகவும், அதுவரை தோட்டத்துச் சேற்றில் ஓட்டிய நாள்களில் அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவும்போது உறையின் மேல் நேராகப் பீய்ச்சாமல் இருப்பதாகவும் பேசி வண்டியை ஒப்படைத்தோம்.